எல்லாச் சோகைக்கும் இரும்பு மாத்திரைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரத்தசோகை என்றாலே பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, இரும்பு மாத்திரை என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களும் இதற்கு விலக்கல்ல. இரும்புச்சத்துக் குறைவுதான் முதல் காரணம் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்ததே தவிர, ஏன் குறைந்தது என்று பார்க்கவில்லை. வைட்டமின்களையும் சேர்த்து அளந்தது 2016–18இல் சிறுவர்களிடம் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு. அதில் 10 முதல் 19 வயதுள்ளோரில் 31 சதவீதம் பேருக்கு பி12 குறைவு, 37 சதவீதம் பேருக்கு ஃபோலேட் (இதுவும் ஒரு பி வைட்டமின்; மாத்திரையில் ஃபோலிக் அமிலம்) குறைவு என்று வந்தது.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் இரத்தப் பரிசோதனை, மருந்து, உணவு ஆலோசனை ஆகிய வேலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். வைட்டமின் குறைவால் வந்த சோகை இரும்புக்கு அடங்காது. எந்தச் சோகை என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவலில் பாதி, நோயாளி கையில் மடித்து வைத்திருக்கும் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. எம்.சி.வி. என்ற அந்த வரியை (சிவப்பணு எவ்வளவு பெரிது என்று சொல்வது) யாரும் படிப்பதில்லை.

சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் பிரிந்து பிரிந்துதான் பெருகுகிறது. பிரிய வேண்டுமானால் முதலில் டி.என்.ஏ. இரட்டிக்க வேண்டும், அந்த வேலைக்கு ஃபோலேட்டும் பி12உம் தேவை. இரண்டில் ஒன்று போதாவிட்டாலும் அணு வளர்ந்துகொண்டே போகும், பிரியாது. அப்படிப் பெருத்த அணுக்களில் பல வெளியே வருமுன் மஜ்ஜையிலேயே உடைந்துவிடும். உடைவதால் இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் கொஞ்சம் ஏறும், அணுவுக்குள் இருக்கும் எல்.டி.எச். என்ற நொதி எக்கச்சக்கமாக ஏறும். ஆள் வெளுத்திருப்பார், கண்ணில் லேசாக மஞ்சளும் தட்டும். இதைக் காமாலை என்று எடுத்துக்கொண்டு கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் போட்டுவிடுகிறார்கள். பத்தியத்தில் முதலில் நிறுத்துவது கறி, மீன், முட்டை. வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச பி12உம் அதோடு நின்றது. இதே கோளாறில் வெள்ளணுவும் தட்டணுவும்கூடக் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தட்டணு 80,000 என்று ரிப்போர்ட் வந்தால் எல்லோருக்கும் டெங்குதான் நினைவுக்கு வரும். காய்ச்சலே இல்லாமல், மாதக்கணக்கில் அசதியோடு இருந்தவருக்கு அப்படி வந்தால் எம்.சி.வி. எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மேலைநாட்டுப் பாடநூல்களில் பி12 குறைவு என்றதும் பெர்னீஷியஸ் அனீமியாவைத்தான் முதலில் சொல்வார்கள். அது உடலின் எதிர்ப்பாற்றலே வயிற்றின் சுரப்பைக் கெடுத்து, உணவில் இருக்கும் பி12ஐ ஏற்க முடியாமல் செய்யும் நோய். நம் பக்கம் பெரும்பாலும் கோளாறு தட்டிலேயே இருக்கிறது. ஆசியா முழுக்க ஒரே மாதிரியும் இல்லை. சீனாவின் வடமாகாணங்களில் ஃபோலேட் குறைவு பெரிய பிரச்சினை. அங்கே கருவுறுமுன்பிருந்து தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது குழந்தைகளின் முதுகுத்தண்டுப் பிறவிக் குறைபாடு வெகுவாகக் குறைந்தது. 1999இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஃபோலேட்டின் கதையே இந்தியாவில்தான் தொடங்கியது. பம்பாயில் சோகையோடு இருந்த கர்ப்பிணிகளிடம் ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை மாறுவதை 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது.

செட்டிநாட்டில் பி12 குறைவா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஓட்டல் பலகையில் கோழி, காடை, நண்டு, ஈரல் என்று வரிசையாக எழுதியிருப்பதைப் பார்த்தால் சிரிக்கத்தான் தோன்றும். வீட்டுக்குள் கணக்கு வேறு. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி, அமாவாசை, புரட்டாசி முழுவதும், கார்த்திகையில் மாலை, தையில் பழனிக்கு நடை என்று கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சும் நாட்கள் கொஞ்சம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி தனக்கு ஒருத்திக்காகக் கறி எடுத்துச் சமைக்க மாட்டார். பல் போனபின் மட்டன் மெல்லவும் முடியாது. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ரசம், துவையல், ராத்திரி மோர் விட்ட சாதம். இதில் பி12 என்று சொல்லிக்கொள்ள அந்த மோரைத் தவிர ஒன்றுமில்லை. அதுவும் நீர்மோர்.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 2.5 மைக்ரோகிராம் பி12 வேண்டும். பசும்பால் 100 மில்லியில் சுமார் 0.4 மைக்ரோகிராம், ஆக, நாள் தேவைக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். காபிக்கு ஊற்றும் 50 மில்லி கணக்கில் வராது. பாலை அடுப்பிலேயே விட்டுச் சுண்டக் காய்ச்சினால் உள்ளதிலும் ஒரு பகுதி போய்விடும். ஒருமுறை பொங்கவிட்டு இறக்கினால் போதும். முட்டை ஒன்றில் அரை மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், அதுவும் பெரும்பாலும் மஞ்சள் கருவில். ஆனால் முட்டையிலுள்ள பி12இல் பத்தில் ஒரு பங்குகூட உடலில் ஏறுவதில்லை. வெள்ளைக்கருவை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை ஒதுக்குகிறவர்களுக்கு அதுவும் இல்லை. மத்தி போன்ற மீன் ஒரு கை அளவு குழம்பில் சேர்ந்தாலே அன்றைய தேவைக்கு மேல் வந்துவிடும்.

சோகை என்றதும் கறிக்கடையில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) சொல்லிவைத்து வாங்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. நல்ல பழக்கம்தான். மண்ணீரல் ஆனதால் இரும்பு நிறைய, பி12உம் இருக்கிறது. பி12க்கு மட்டும் என்றால் ஆட்டு ஈரல் அதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் ஒரே நாளில் கால் கிலோ ஈரல் வறுத்துத் தின்பதில் பயன் குறைவு. ஒரு வேளை உணவிலிருந்து குடல் முறையாக ஏற்றுக்கொள்வது ஒன்றரை முதல் 2 மைக்ரோகிராம்தான். அதற்கு மேல் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் தானாகக் கசிந்து ஏறும். ஆகவே மாதம் ஒருநாள் விருந்தைவிட, வாரம் மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக மீனோ ஈரலோ சேர்ப்பது மேல். கர்ப்பிணிகள், முக்கியமாக முதல் மூன்று மாதங்களில், ஈரலைத் தவிர்க்க வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கருவுக்கு ஆகாது.

சைவர்களுக்குச் சொல்ல வேண்டியதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறோம். எந்தக் கீரையிலும், பருப்பிலும், பழத்திலும் பி12 இல்லை. பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி அதையே சோகைக்கு மருந்தாகக் கொள்ள முடியாது. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத போலி பி12. பால், தயிர், பன்னீர் போதிய அளவு சேராவிட்டால் மாத்திரைதான் வழி.

ஃபோலேட் விஷயத்தில் நிலைமை தலைகீழ். கீரை, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை எல்லாவற்றிலும் உண்டு. கெடுப்பது சமைக்கும் முறை. ஃபோலேட் தண்ணீரில் கரையும், வெப்பத்தில் சிதையும். கீரையை நறுக்கியபின் அலசி, அண்டாத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டு மசித்தால் பாதிக்கு மேல் வடிகட்டியோடு போயிற்று. முழுசாக அலசிவிட்டு நறுக்கி, கை தெளித்த தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் வேகவிட்டு, மிஞ்சும் தண்ணீரை ரசத்திலோ மண்டியிலோ (அரிசி கழுநீரில் வைக்கும் குழம்பு) சேர்த்துவிட வேண்டும். தொடர்ந்து மது குடிப்பவர்களுக்கும், வலிப்புக்கு ஃபெனிடாய்ன் சாப்பிடுபவர்களுக்கும், மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களுக்கும் உணவு சரியாக இருந்தாலும் ஃபோலேட் குறையலாம். மெத்தோட்ரெக்சேட் மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருநாள் மாத்திரை. தினமும் விழுங்கிவிட்டால் மஜ்ஜையே நின்றுபோகும். வயதானவர்களுக்குக் கொடுக்கும்போது கிழமையைப் பட்டையின் மேலேயே எழுதிக் கொடுக்கும்படி மருந்துக்கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பி12க்கு இன்னொரு குணம் உண்டு. உடலில், முக்கியமாக ஈரலில், 2 முதல் 5 மில்லிகிராம் வரை சேமிப்பு இருக்கும். வரவு நின்றாலும் மூன்று முதல் ஐந்து வருஷம் ஓடும். கறியை நிறுத்தி, பாலைக் குறைத்து நாலு வருஷம் ஆனபின் வரும் தள்ளாட்டத்தை யாரும் அதோடு முடிச்சுப் போடுவதில்லை, வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். இதில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையும் சேர்ந்தால் சேமிப்பு இன்னும் வேகமாகக் கரையும். மெட்ஃபார்மின் குடலின் கடைப்பகுதியில் பி12 ஏறுவதைத் தடுக்கிறது. அளவு கூடக்கூட, வருஷம் ஏற ஏறத் தடையும் கூடும். 2022இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பரவலான பக்கவிளைவு என்றே அறிவித்தது. அதோடு தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. உணவில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரை அதை அடக்கிவிடும். இரண்டையும் வருஷக்கணக்கில் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. இதற்காக யாரும் சுகர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பி12ஐச் சேர்த்துக்கொண்டால் போதும்.

கால் எரிச்சல், மரமரப்பு வந்தால் சுகரால் வந்த நரம்புக் கோளாறு என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். பாதியாவது பி12ஆக இருக்கலாமே என்று பார்ப்பதில்லை. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது சாய்வது, விளக்கில்லாத வளவை (வீட்டு உள்முற்றத்தை) கடக்கையில் கால் எங்கே விழுகிறது என்று தெரியாமல் தூணைப் பிடிப்பது, இவை முதுகுத்தண்டின் பின்பக்க நரம்புகள் கெடுவதன் அடையாளம். நாக்கு வழவழத்துச் சிவந்து, பிறந்ததிலிருந்து மிளகும் வரமிளகாயும் தின்ற ஆளுக்குத் திடீரென்று காரம் ஆகாமல் போவது இன்னொன்று. விரல் முட்டிகளின் மேல் தோல் கறுப்பது நம் நிறத்தவர்களிடம் நன்றாகவே தெரியும். சிகிச்சைக்குப் பிறகு மறையும். ஹீமோகுளோபின் 13 இருக்கும்போதே நரம்பு கெடலாம் என்பதை மறக்கக் கூடாது.

இனி ரிப்போர்ட். ஹீமோகுளோபினுக்குச் சில வரிகள் கீழே எம்.சி.வி. என்று ஒன்று இருக்கும். சிவப்பணுவின் சராசரிக் கன அளவு. 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை சரி. 80க்குக் கீழே போனால் இரும்புக் குறைவு அல்லது தலசீமியாக் கூறு (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாறு). 100க்கு மேல் போனால் பி12, ஃபோலேட்டை நினைக்க வேண்டும். மது, ஈரல் நோய், தைராய்டு குறைவு, சில மருந்துகளாலும் ஏறும். 110ஐத் தாண்டினால் முதல் சந்தேகம் வைட்டமின்தான். சிக்கல் எங்கே வருகிறதென்றால், இரும்பும் பி12உம் சேர்ந்து குறைந்தவர்களிடம். ஒன்று அணுவைச் சிறுக்க வைக்கும், மற்றது பெருக்க வைக்கும்; சராசரி 88 என்று நல்ல பிள்ளையாக நிற்கும். அப்போது பக்கத்திலுள்ள ஆர்.டி.டபிள்யூ. (அணுக்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பது) காட்டிக்கொடுக்கும், 14.5க்கு மேல் என்றால் சின்னதும் பெரியதும் கலந்து கிடக்கின்றன என்று பொருள். உடனே ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் தேய்த்த இரத்தம்) எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் கருவில் சாதாரணமாக மூன்று நான்கு மடல். ஆறு மடல் உள்ள ஒன்றைக் கண்டாலும், ஐந்து மடல் உள்ளவை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தாலும் மருத்துவருக்கு எழுதிவிட வேண்டும். மெஷின் இதைச் சொல்லாது.

கிராமத்து லேபில் எடுத்த இரத்தம் பஸ் ஏறி மதுரைக்கோ சென்னைக்கோ போவதால் வரும் கோளாறும் ஒன்று உண்டு. ஊதா மூடிக் குழாயில் ஒருநாள் வெளியே கிடந்தால் அணுக்கள் தண்ணீர் இழுத்து உப்பி, எம்.சி.வி. பொய்யாக ஏறும். ஸ்மியரை எடுத்த இடத்திலேயே சில மணி நேரத்துக்குள் தேய்த்து உலர்த்தி, கண்ணாடித் தகட்டாக அனுப்புவது சரி. ஹோமோசிஸ்டீன் (பி12, ஃபோலேட் குறைந்தால் இரத்தத்தில் ஏறும் பொருள்) பார்ப்பதானால் குழாய் ஐஸில் இருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோருக்கும் அதிகமாகத்தான் வரும். பி12 அளவு மில்லிக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ் என்றால் குறைவு. 200 முதல் 300 வரை இரண்டும்கெட்டான், அங்கேதான் பி12 குறைந்தால் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலமோ ஹோமோசிஸ்டீனோ பார்க்கத் தேவைப்படும். சத்து ஊசி ஒன்று போட்டுவிட்டு மறுநாள் பி12 டெஸ்ட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த எண்ணால் பயனில்லை.

சிகிச்சையில் ஆபத்தான தவறு ஒன்று. பி12 குறைந்தவருக்கு 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்தால் இரத்தம் ஏறும், எல்லோரும் மகிழ்வார்கள், நரம்பு மேலும் மேலும் கெடும். எது குறைவு என்று தெரியாதபோது பி12ஐ முதலிலோ கூடவோ கொடுத்தாக வேண்டும். இரண்டாவது, பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையே போதும் என்ற நினைப்பு. பட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். பலவற்றில் பி12 15 மைக்ரோகிராமைத் தாண்டாது. குறைவை நிரப்ப வேண்டியது 1000 மைக்ரோகிராம். ஊசியாகப் போட்டால் வழக்கமாக முதல் ஓரிரு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. நரம்பு பாதித்திருந்தால் முன்னேற்றம் நிற்கும்வரை ஒன்றுவிட்டு ஒருநாள் தொடர்வார்கள். ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்குத் தினம் 1000 முதல் 2000 மைக்ரோகிராம் மாத்திரையும் வேலை செய்யும். முன்பு சொன்ன அந்த நூற்றில் ஒரு பங்குக் கசிவே 10 மைக்ரோகிராம் ஆகிவிடுகிறது.

மூன்றாம் நாளிலிருந்து புதிய அணுக்கள் வரத் தொடங்கும், ஒரு வாரத்தில் உச்சம். இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் சரியாக வேண்டும். மூன்று நாலு வாரம் நன்றாக ஏறிவந்து 10இல் நின்றுவிட்டால் ஊசி வேலை செய்யவில்லை என்று மாற்றாதீர்கள். வேகமாக உருவாகும் அணுக்கள் இரும்பைக் காலி செய்துவிட்டன. ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பார்த்து இப்போது இரும்பு கொடுக்க வேண்டும். இரும்பு மாத்திரைக்கு உரிய நேரம் இதுதான். மிகக் கடுமையான சோகையில் முதல் சில நாட்கள் பொட்டாசியம் இறங்கும், இதய நோயாளிகளுக்கு அதைக் கவனிக்க வேண்டும். 5 கிராம், 6 கிராம் என்றதும் அவசரமாக இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றுவதிலும் முதியவர்களுக்கு மூச்சுத்திணறல் ஆபத்து உண்டு.

அரசுத் திட்டங்களுக்கு வருகிறோம். கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையிலும் பள்ளி மாணவிகளுக்கு வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பி12 இல்லை. பி12 குறைந்த தாயின் பாலிலும் அது குறைவு. அந்தப் பாலை மட்டும் குடிக்கும் குழந்தை ஆறேழு மாதத்தில் உட்கார்ந்ததை மறந்து, தலை நிற்காமல், கை நடுங்கி வருவது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் நன்கறிந்த நோய். சைவ வீட்டுக் கர்ப்பிணிக்கு முதல் இரத்தப் பரிசோதனையிலேயே பி12 பார்த்துவிடலாம்.

ரேஷன் கடையில் வரும் செறிவூட்டிய அரிசியில் பி12 உண்டு, ஆனால் அளவு கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். கால் கிலோ அரிசிச் சோற்றில் கால் மைக்ரோகிராம் அளவுதான். நூறு அரிசிக்கு ஒன்று வீதம் கலந்திருக்கும் அந்தச் சத்து மணி கொஞ்சம் நிறம் மாறியிருக்கும், கழுவும்போது மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். எறிய வேண்டாம். கஞ்சியை வடித்துக் கொட்டுவதையும் விட்டால் அந்தக் கால் மைக்ரோகிராமாவது மிஞ்சும்.

இந்த வட்டாரத்துக்கு நாங்கள் கேட்பது பெரிய திட்டம் எதுவும் அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் முதல் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. மெட்ஃபார்மின் வாங்கும் ஒவ்வொருவரின் அட்டையிலும் எந்த வருஷத்திலிருந்து என்று ஏற்கெனவே எழுதியிருக்கும். நாலு வருஷம் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முழு இரத்தப் பரிசோதனையும் பி12உம் பார்க்க வேண்டும். குறைந்தவர்களுக்கு அதே பையில் 1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய ரிப்போர்ட் படிவத்தில் எம்.சி.வி. 100க்கு மேல் வந்தால் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பச் சொன்னாலே பாதி வேலை முடியும். தள்ளாட்டமும் மரமரப்பும் உள்ளவருக்கு பி12 முடிவு வர நாலு நாள் ஆகும் என்றால், மாதிரியை எடுத்து வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவர் முதல் ஊசியைப் போட்டுவிடலாம். நரம்பு பல மாதம் கெட்டபின் கொடுக்கும் மருந்து முழுதாகப் பலன் தருவதில்லை.

இப்படிக்கு,
பரிசோதனைக்கூட, மருந்தக, உணவு ஆலோசனைப் பணியாளர்கள் சிலர்,
காரைக்குடி வட்டாரம்.